சேர்க்கிற பள்ளியா, கரைசேர்க்கிற பள்ளியா?

ஒன்பதாம் வகுப்பு வாசலில் நிற்கும் நம் பெண்பிள்ளைகள்

இருபது ஆண்டுகளுக்கு முன்பு நம் மாவட்டத்துக் காலனிகளில் எட்டாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளையைப் பற்றி ஒரே கேள்விதான் எழும். மேலே படிக்க வைப்பதா, நிறுத்திவிடுவதா? பெரும்பாலும் பதிலும் ஒன்றாகவே இருக்கும். நடவுக்கோ, திருப்பூருக்கோ, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளவோ பிள்ளை போய்விடும். இன்று அந்தக் கேள்வி மாறியிருக்கிறது. "எந்தப் பள்ளியில் சேர்ப்பது?" என்று கேட்டுக்கொண்டு தாய்மார்கள் வருகிறார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் சாதிச் சான்று, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல். இந்த மாற்றத்துக்குப் பின்னால் மூன்று தலைமுறை உழைப்பு இருக்கிறது.

கேள்வி மாறியபோது சிக்கலும் கூடவே வந்துவிட்டது. தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் பள்ளிகள் இப்போது பல. அரசின் மாதிரிப் பள்ளி, மத்திய அரசு பணம் கட்டிப் படிக்க வைக்கும் தனியார் உறைவிடப் பள்ளி, மதிப்பெண் பார்த்துச் சேர்க்கும் நகரத்து உதவிபெறும் பள்ளி. இவற்றோடு, யாரையும் வடிகட்டாமல் சேர்த்துக்கொள்ளும் அரசு மகளிர் பள்ளியும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றொன்றின் கதவு மூடிக்கொள்கிறது. எந்தக் கதவு மூடும் என்பதைச் சேர்ப்பதற்கு முன்பே பெற்றோருக்குச் சொல்லும் ஆள்தான் இல்லை.

ஒரே தெரு, இரண்டு பிள்ளைகள்

புவனகிரிக்கு மேற்கே ஒரு காலனி. அரசு நடுநிலைப் பள்ளியில் ஒன்றாக எட்டாம் வகுப்பு முடித்த இரண்டு பெண்பிள்ளைகளின் வீட்டில் ஒரே வாரத்தில் இந்தப் பேச்சு நடந்தது.

முதல் பிள்ளையின் அப்பா கொத்தனார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்காக மத்திய அரசு நடத்தும் 'ஸ்ரேஷ்டா' திட்டத்தின் நுழைவுத் தேர்வில் பிள்ளை தேறியிருந்தாள். அவளுடைய கணக்கு ஆசிரியர் பள்ளி முடிந்த பிறகு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில் கிடைத்த இடம் அது. வெளிமாவட்டத்தில் ஒரு சிபிஎஸ்இ உறைவிடப் பள்ளி. அம்மாவுக்குப் பெருமையும் பயமும் சம அளவில் இருந்தன. "இத்தினி வருசத்துல நம்ம தெருவுல யாருக்குக்கா இப்படிக் கெடச்சிருக்கு? விடவும் மனசு வரல, அனுப்பவும் மனசு வரல" என்றார். அப்பா, "அங்க ஒண்ணுன்னா நாம எந்த பஸ்ஸுல ஏறி எப்பப் போயி நிக்கிறது?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

இரண்டாவது பிள்ளைக்கு அப்பா இல்லை. அம்மாவும் பாட்டியும்தான். எட்டாம் வகுப்பில் எழுதிய தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வில் அவள் தேறியிருந்தாள். தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 பேர் என்று ஒதுக்கப்பட்ட இடங்களில் ஒன்று அவளுடையது. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய். அந்த வீட்டில் அது பாட்டியின் மருந்துச் செலவுக்கும் அரிசிக்கும் உதவக்கூடிய பணம். சிதம்பரத்தில் நல்ல பெயருள்ள தனியார் பள்ளி ஒன்று, "நல்ல மார்க், பாதிக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லியனுப்பியிருந்தது.

இரண்டு வீட்டிலும் பிள்ளைக்குத் தேர்வு முடிந்துவிட்டது. பள்ளிக்குத்தான் யாரும் தேர்வு வைக்கவில்லை.

எதைப் பெறுகிறோம், எதை இழக்கிறோம்

முதலில் கணக்கு. உணர்ச்சியை ஒருபக்கம் வைத்துவிட்டு, ஒவ்வொரு பள்ளியிலும் சேரும்போது வருவது என்ன, போவது என்ன என்று பார்த்துவிடுவோம்.

ஸ்ரேஷ்டா திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பிலும் பதினோராம் வகுப்பிலும் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 இடங்கள். பள்ளிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் சேர்த்து ஒன்பதாம் வகுப்புக்கு 1 லட்சம் ரூபாயில் தொடங்கி, பன்னிரண்டாம் வகுப்புக்கு 1.35 லட்சம் ரூபாய் வரை அரசே கட்டுகிறது. ஒரு கொத்தனார் தன் வாழ்நாளில் பிள்ளைக்காகக் கட்ட முடியாத தொகை இது. ஆய்வகம், நூலகம், ஆங்கிலம், விளையாட்டு என்று அங்கே கிடைப்பதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இழப்பது என்ன? தமிழ்நாட்டில் 2020இல் வந்த சட்டம், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கியது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் மாநில அரசே ஏற்கிறது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் மாதிரிப் பள்ளியும் அரசுப் பள்ளிகளே. ஸ்ரேஷ்டாவில் தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்பதாம் வகுப்பிலேயே இந்த வரிசையிலிருந்து விலகிவிடுகிறாள்.

இந்த 7.5 என்பது சாதிவாரி இடஒதுக்கீட்டுக்கு வெளியே தனியாக நிற்பது அல்ல, அதற்குள்ளேயே இருப்பது. அரசுப் பள்ளியில் படித்த பட்டியல் சாதிப் பெண், அதே பிரிவில் அரசுப் பள்ளியில் படித்த மற்ற பிள்ளைகளோடு மட்டும் போட்டியிடுகிறாள். லட்சக்கணக்கில் செலவழித்துப் பயிற்சி மையத்தில் படித்தவர்களோடு அவள் மோத வேண்டியதில்லை. நீட் தேர்வு இருக்கிற வரையில் இந்த வேறுபாடு சிறியதல்ல.

அடுத்தது புதுமைப்பெண் திட்டம். 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். 2024 டிசம்பரில், அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் விரிவாக்கினார்கள். தனியார் பள்ளியில் முடித்தவளுக்கு இது இல்லை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் உள்ள 20 விழுக்காடு முன்னுரிமையும் ஆங்கிலவழிக்கு மாறும்போது போய்விடும்.

நகரத்து உதவிபெறும் பள்ளியைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அரசு சம்பளம் கொடுக்கும் பள்ளி என்பதால் 7.5 விழுக்காடு உண்டு என்று நினைக்கிறார்கள். கிடையாது. அங்கே தமிழ்வழியில் படித்தால் புதுமைப்பெண் உண்டு, 7.5 இல்லை. அதே வளாகத்தில் சுயநிதியாக நடக்கும் ஆங்கிலவழிப் பிரிவில் சேர்த்தால் கட்டணமும் உண்டு. பெயர்ப்பலகை ஒன்றுதான், பிரிவு மாறினால் பிள்ளையின் உரிமை மாறுகிறது.

படிப்புதவித் தொகைக்கும் விதி இருக்கிறது. மாதம் 1,000 ரூபாய் பெறும் பிள்ளை அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ தொடர வேண்டும். தனியார் பள்ளிக்குப் போனால் தொகை நின்றுவிடும். உணவும் தங்குமிடமும் அரசே தரும் உறைவிடப் பள்ளிக்கு மாறுவதாக இருந்தாலும், சேர்வதற்கு முன் தலைமையாசிரியரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. அந்த இரண்டாவது பிள்ளையின் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "பாதிக் கட்டணம்னாங்களே, அந்தப் பாதியையும் நாங்க கட்டணும், வர்ற ஆயிரமும் நின்னுடுமா?" என்று கேட்டார். அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

நந்தன் பெயரில் ஒரு கதவு

கணக்கு முடிந்ததும் பெற்றோர் அடுத்துச் சொல்லும் சொல், "அது சேரிப் பள்ளிக்கூடமாச்சே!" என்பது. ஆதிதிராவிடர் நலப் பள்ளியை நம் வீட்டுப் பெரியவர்களே அப்படித்தான் பேசுகிறார்கள். ஊர்த்தெருவுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை அங்கே அனுப்புவதில்லை. அதைப் பார்த்து, கொஞ்சம் வசதி வந்த நம்மவர்களும் அனுப்புவதை நிறுத்துகிறார்கள்.

சிதம்பரம் வட்டாரத்தில் இதைப் பேசும்போது ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. ஆரணிக்கு அருகில் மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்த சுவாமி சகஜானந்தர், 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். தில்லைக்குள் போக நந்தன் தீயில் இறங்க வேண்டியிருந்தது என்கிறது பழைய கதை. அந்த நந்தன் பெயரிலேயே, யாரும் தீயில் இறங்காமல் உள்ளே வரலாம் என்று ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்தார் அவர். ஊர் ஊராகப் போய் நெல்லும் காசும் கேட்டு வாங்கி வளர்த்த பள்ளி அது. ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாக இன்று அரசு மேல்நிலைப் பள்ளிகளாக நிற்கின்றன. அவற்றின் வழியாக வந்த ஆசிரியர்கள், எழுத்தர்கள், செவிலியர்கள், அதிகாரிகள் எத்தனை பேர் என்று நம் ஒவ்வொரு ஊரிலும் விரல்விட்டு எண்ணலாம்.

காட்டுமன்னார்கோயிலில் பள்ளி மாணவராக இருந்தபோது, நம் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த தண்ணீர்ப் பானையை உடைத்தவர் எல். இளையபெருமாள். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1965இல் அமைக்கப்பட்ட, தீண்டாமையையும் பட்டியல் சாதியினரின் கல்வியையும் பொருளாதாரத்தையும் ஆராய்ந்த அகில இந்தியக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1969இல் அந்தக் குழு அறிக்கை தந்தது.

ஒருவர் நமக்கென்று பள்ளியைக் கட்டினார். மற்றொருவர் எல்லோருக்குமான பள்ளிக்குள் இருந்த பானையை உடைத்தார். இரண்டு வழியும் நம் மாவட்டத்தில் பிறந்த வழிகள். ஒன்று மேல், மற்றொன்று கீழ் என்று நான் சொல்ல மாட்டேன். நம் பெண்பிள்ளை தனக்கென்று இருக்கும் பள்ளியில் படித்து வரலாம். எல்லோரும் படிக்கும் பள்ளிக்குள் தலைநிமிர்ந்து போகவும் செய்யலாம். எங்கே போனாலும் பன்னிரண்டாம் வகுப்பு வரை அவளை உடைக்காமல் வைத்திருக்கும் இடமாக அது இருக்க வேண்டும்.

அதேசமயம் நலப் பள்ளிகளின் குறைகளைப் பெருமை பேசி மறைக்கவும் கூடாது. பாட ஆசிரியர் இல்லாமல் பாதி ஆண்டு ஓடுவது, ஆய்வகம் பூட்டிக் கிடப்பது, விடுதிக் கழிப்பறையில் தண்ணீர் வராதது ஆகியவற்றை நாம் எத்தனையோ மனுக்களில் எழுதியிருக்கிறோம். மாநிலம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நலப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்க்கலாமா கூடாதா என்ற விவாதமும் நடந்தது. எந்தத் துறையின் கீழ் இருந்தாலும், இயற்பியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்பதுதான் அங்கே படிக்கும் பெண்ணின் கேள்வி.

மதிப்பெண் மட்டும் காக்காது

நல்ல பெயருள்ள பொதுப் பள்ளியில் சேர்த்துவிட்டால் சாதி பின்னால் வராது என்று நம்பும் பெற்றோர் இருக்கிறார்கள். தென்மாவட்டத்தில் நடந்த ஒன்றை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்துவந்த நம் பிள்ளை ஒருவன் உடன்படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு முதல் பள்ளிப் பெயரில் ஒட்டியிருக்கும் சாதி வரை அது பேசியது. பள்ளிக்குள் சாதி இருக்கிறது என்பதை அரசே அமைத்த குழு எழுத்தில் ஒப்புக்கொண்டது.

இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல; பள்ளியைப் பற்றி விசாரிக்கும்போது மதிப்பெண் சதவீதத்தோடு நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக. பெண்பிள்ளைக்கு வரும் அவமானம் பெரும்பாலும் அரிவாளோடு வருவதில்லை. 'ஸ்காலர்ஷிப் பிள்ளைங்க எழுந்து நில்லுங்க' என்று வகுப்பில் உரக்கச் சொல்வதில் வரும். கழிப்பறையைக் கழுவ எந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள் என்பதில் வரும். பதினோராம் வகுப்பில் "உனக்கு இந்தக் குரூப் போதும்" என்று பிள்ளையின் ஆசையைக் கேட்காமலே முடிவு செய்வதில் வரும். இப்படி மனம் ஒடிந்த பிள்ளை ஒருநாள் "வயித்த வலிக்குது" என்று வீட்டில் நின்றுகொள்வாள். அது ஒரு வாரமாகும், பிறகு ஒரு மாதமாகும். பதிவேட்டில் அதற்குப் பெயர் 'இடைநிற்றல்'.

பள்ளிக்கு நாம் வைக்கும் தேர்வு

பிள்ளைக்கு அவர்கள் தேர்வு வைத்துவிட்டார்கள். இனி நாம் பள்ளிக்கு வைப்போம். சேர்க்கும் முன் ஒருமுறை நேரில் போய், தலைமையாசிரியரிடமும் விடுதிக் காப்பாளரிடமும், முடிந்தால் அங்கே ஏற்கெனவே படிக்கும் நம் பிள்ளைகளிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

முதல் கேள்வி: கடந்த மூன்று ஆண்டுகளில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த நம் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் பன்னிரண்டாம் வகுப்பு எழுதியவர்கள் எத்தனை பேர்? நின்றவர்கள் ஏன் நின்றார்கள்? மாநில அளவில் முதலிடம் வாங்கிய பிள்ளையின் படத்தை நுழைவாயிலில் மாட்டியிருப்பார்கள். நின்றுபோன பிள்ளையின் படம் எங்கும் இருக்காது. கேட்டால்தான் தெரியும்.

இரண்டாவது: பதினோராம் வகுப்பில் எந்தெந்தப் பாடப்பிரிவுகள் உள்ளன? கணிதம், உயிரியல் பிரிவுகளில் நம் பெண்கள் எத்தனை பேர்?

மூன்றாவது: விடுதி என்றால், இரவில் பெண் காப்பாளர் அங்கேயே தங்குகிறாரா? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? மாதவிடாய் நாட்களுக்கு நாப்கினும் அதை அப்புறப்படுத்த வசதியும் உண்டா? நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் யார் மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள்? வீட்டோடு பேச வாரத்தில் எத்தனை நாள்?

நான்காவது: தினமும் போய்வருவது என்றால், பேருந்து எத்தனை மணிக்கு? சிறப்பு வகுப்பு முடிந்து ஆறு மணிக்கு வெளியே வரும் பிள்ளைக்குத் திரும்பப் பேருந்து உண்டா? சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவிதான். ஆனால் மழைக்காலத்தில் வெள்ளாற்றில் தண்ணீர் ஏறினால், காலனி நிறுத்தத்தில் நிற்காமல் போகும் பேருந்தும் இலவசப் பேருந்துதான்.

ஐந்தாவது: கட்டணம் இல்லை என்ற பிறகும் கேட்கப்போகும் பணம் எவ்வளவு? சீருடை, ஷூ, நோட்டு, சுற்றுலா, விடுமுறைக்கு வந்துபோகும் செலவு எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆறாவது: சாதியைச் சொல்லி யாராவது புண்படுத்தினால் பிள்ளை யாரிடம் சொல்ல வேண்டும்? "இங்க அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா" என்று மட்டும் பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். "இன்ன ஆசிரியையிடம் சொல்லலாம், இப்படி விசாரிப்போம்" என்று சொல்லும் பள்ளி பிரச்சினையை ஏற்கெனவே யோசித்த பள்ளி. பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவி எண்களைப் பிள்ளைக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்.

கடைசிக் கேள்வி பிள்ளையிடம்: நீ எங்கே போக விரும்புகிறாய், ஏன்? நாம் பேசும் பேச்சில் இந்தக் கேள்விக்கு மட்டும் முறை வருவதே இல்லை.

கொத்தனார் வீட்டில் இதைக் கேட்டோம். இரண்டு நாள் பேசாமல் இருந்த பிள்ளை, "எனக்குக் கணக்குதான் வேணும். டாக்டர் ஆவணும்னு நான் எப்பவும் சொல்லலியே" என்றாள். 7.5 விழுக்காட்டில் கிடைக்கும் மருத்துவ இடத்தைப் பற்றி நாங்கள் பெரியவர்கள் மூன்று மணிநேரம் பேசியிருந்தோம். பொறியியலுக்கும் அது உண்டு என்று சொன்னேன். புரிந்துகொண்டு, தெரிந்தே அந்த உறைவிடப் பள்ளியைச் சொன்னாள். அப்பா முதலில் பள்ளிக்குப் போய்ப் பார்த்தார். விடுதியில் படிக்கும் நம் பிள்ளைகள் இரண்டு பேரோடு பேசிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். அடுத்த வீட்டுப் பிள்ளை சிதம்பரத்தில் அரசு மகளிர் பள்ளியைத் தேர்ந்தெடுத்தாள். உதவித்தொகை நிற்கவில்லை. காலையில் பாட்டிக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறுகிறாள். உயிரியல் படித்து, அண்ணாமலை நகரில் இருக்கும் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவள் கணக்கு. இரண்டு முடிவுகளும் சரியான முடிவுகளே. விவரம் தெரிந்து எடுத்த முடிவுகள் என்பதால் சரியானவை.

கேட்க வேண்டியவை

பெற்றோர் விழிப்போடு இருந்தால் மட்டும் போதாது. விதிகளிலும் மாற வேண்டியவை இருக்கின்றன.

ஸ்ரேஷ்டா நுழைவுத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. அதை நடத்துவது தேசியத் தேர்வு முகமை. அதே முகமை நடத்தும் நீட் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். பதினேழு வயதில் டாக்டர் படிப்புக்குப் போகிறவருக்குத் தாய்மொழியில் கேள்வித்தாள் உண்டு. பதின்மூன்று வயதில் காலனிப் பள்ளியில் தமிழ்வழியில் படிக்கும் ஏழைப் பிள்ளைக்கு இல்லை. யாருக்காகத் திட்டம் போட்டார்களோ அவர்களையே வடிகட்டுகிறது கேள்வித்தாளின் மொழி. நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய கேள்வி இது.

இரண்டாவது கோரிக்கையில் தோழர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஸ்ரேஷ்டாவில் படித்த பிள்ளைக்கும் 7.5 விழுக்காடு வேண்டும் என்கிறார்கள் சிலர். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளையை 7.5 சட்டம் ஏற்கிறது; அதேபோல் இவர்களையும் ஏற்கலாமே என்பது அவர்கள் வாதம். என்னால் இதற்கு உடன்பட முடியவில்லை. அந்த இடங்கள் எண்ணிக்கையில் அடங்கியவை. நான்கு ஆண்டு நல்ல ஆய்வகத்தில் படித்த நம் பிள்ளைக்கு அதில் ஓரிடம் போனால், அது ஆய்வகம் பூட்டிக் கிடந்த பள்ளியில் படித்த நம் பிள்ளையின் இடமாகத்தான் இருக்கும். புதுமைப்பெண் திட்டம் அப்படியல்ல. அதில் ஒருத்திக்குக் கொடுத்தால் இன்னொருத்திக்குக் குறையாது. அரசே ஏழை என்று சான்று கொடுத்து, அரசே கட்டணம் கட்டிப் படிக்க வைத்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் கொடுக்க மறுப்பதற்கு நியாயம் இல்லை. இதைத் தமிழ்நாடு அரசு ஓர் ஆணையில் சரிசெய்யலாம்.

மூன்றாவது, மிக எளியது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில், எட்டாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் அரசுப் பள்ளிகள் ஒரு பக்கத் தாள் தரட்டும். எந்தப் பள்ளியில் சேர்ந்தால் எந்த உதவி தொடரும், எது நிற்கும் என்று தமிழில், பெரிய எழுத்தில். நம் மாவட்ட மக்கள்தொகையில் ஏறத்தாழ 29 விழுக்காடு பட்டியல் சாதியினர் என்கிறது 2011 கணக்கெடுப்பு. மாவட்ட நிர்வாகம் நினைத்தால் இந்த ஒரு தாளை இங்கேயே தொடங்கிவைக்கலாம்.

நான்காவது, தேர்வாகாத பிள்ளைகளைப் பற்றி. மாதிரிப் பள்ளிகள் இப்போது 38 மாவட்டங்களிலும் இருக்கின்றன. அங்கே படித்து உயர்கல்வி நிறுவனங்களுக்குப் போன பிள்ளைகளைப் பார்த்து நாம் மகிழ்கிறோம். ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் அங்கே போவது ஒருத்தியோ இருவரோதான். மற்றவர்கள் அதே பெஞ்சில் இருக்கிறார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளையை எடுத்துப் போய்விட்டதால் அந்த வகுப்பு கைவிடப்பட்ட வகுப்பாக ஆகிவிடக் கூடாது. மாதிரிப் பள்ளிக்குக் கொடுக்கும் ஆசிரியரும் ஆய்வகமும் நலப் பள்ளியின் மேல்நிலை வகுப்புக்கும் வர வேண்டும். சகஜானந்தர் பள்ளி தொடங்கியபோது, முதல் மதிப்பெண் வாங்கியவர்கள் மட்டும் வாருங்கள் என்று சொல்லவில்லை.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கும் முன், பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே, எந்த வழியில் படித்தாள் என்பதற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் கையெழுத்தோடும் முத்திரையோடும் வாங்கி வையுங்கள். நான்கு ஆண்டு கழித்துக் கல்லூரி வாசலில் முதலில் கேட்கப்போவது அதைத்தான். சேரப்போகும் பள்ளிக்கு ஒரு நாள் கூலியை விட்டாவது நேரில் போய்வாருங்கள். போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.